பூவேலைப் பெயர்களும் பொறித்தையலும்: மரபும் நவீனமும் இணையுமிடத்துச் சொற்சிக்கல்கள்

லக்னோ நகரத்துப் பூவேலை பற்றிய நூலொன்றைத் தமிழாக்க முற்படுவோர் முதற் பக்கத்திலேயே மூன்று சொற்களில் இடறுவர். அவ்வேலைப்பாட்டின் பெயர் சிகன். அதன் புடைப்புத் தையல்களுள் ஒன்று பந்தா. துணியின் இழைகளை விலக்கி வலைபோல் ஆக்குவது ஜாலி. பேச்சுத் தமிழிலோ சிக்கன் கோழிக்கறியையும், பந்தா வீண் பகட்டையும், ஜாலி களிப்பையும் குறிக்கும். துணிக்கடைகளில் 'சிக்கன் ஒர்க்' என்றே எழுதி வைத்திருப்பதையும், வாங்குவோர் அதனால் குழம்பாமையையும் காணலாம். சூழல் பொருளை வரையறுத்துவிடுகிறது. எனவே இம்மூன்றும் எழுத்துப்பெயர்ப்பில் எழும் சிறு சிக்கல்களே. பாரசீக மூலத்தையொட்டிச் 'சிகன்' என ஒற்றைக் ககரமிட்டு எழுதினால் முதற் சிக்கல் தீரும். மற்றவற்றை முதன்முறை வருமிடத்தில் விளக்கிவிட்டால் போதும்.

பெரிய சிக்கல் வேறிடத்தில் உள்ளது. அண்மைப் பத்தாண்டுகளில் ஆடை வடிவமைப்பில் கைப்பூவேலையும் பொறிப்பூவேலையும் ஒரே துணியில் இணைக்கப்படுகின்றன. கொடியைப் பொறி தைக்க, மலரைக் கை தைக்கிறது. அல்லது கையால் தைத்த ஒரு கரையைப் பார்த்து எஞ்சிய முழுவதையும் பொறி படியெடுக்கிறது. தோற்றத்தில் ஒன்றுபோலவே அமையும் இரு தையல்கள் செய்முறையில் முற்றிலும் வேறானவையாக இருத்தல் கூடும். அந்நிலையில் தையலின் பெயர் தோற்றத்தைச் சுட்ட வேண்டுமா, ஊசி இயங்கிய வகையைச் சுட்ட வேண்டுமா என்பது மொழிபெயர்ப்பாளர் விடைகாண வேண்டிய வினாவாகிறது. இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் வினாவன்று. லக்னோவில் இவ்வேலையைச் செய்வோரிற் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே உருப்படிக்கு இவ்வளவு எனக் கூலி பெறும் பெண்கள். ஆடையின் விலைச்சீட்டிலுள்ள சொல் கைவேலையையும் பொறிவேலையையும் ஒரே பெயரால் வழங்கும்போது, பொறியின் விலையே கைக்கும் விலையாகிவிடுகிறது.

தையலின் பெயர் சுட்டுவது எதனை?

சிகன் வேலையின் முறை பின்வருமாறு. மெல்லிய துணியில் மரஅச்சுக் கொண்டு, சலவையில் நீங்கிவிடும் நீலச் சாயத்தால் வரைவு பதிக்கப்படும். அதன்மேல் தையல் இடப்படும். பின்னர்த் துணி வெளுப்பாளரிடம் சென்று, நீலம் முற்றும் போக வெளுக்கப்பட்டுக் கஞ்சியிடப்படும். மரபில் இது வெண்துணியில் வெண்ணூல் வேலை. நிறத்தால் வேறுபாடு காட்ட இயலாமையால், தையலின் வகையாலேயே மலரும் இலையும் தண்டும் வேறுபடுத்தப்பட்டன. இத்தொழிலில் தையற்பெயர்கள் இத்தனை பெருகியமைக்கு இதுவே தலையாய காரணம் எனலாம். முப்பத்திரண்டு தையல்கள் என்பது மரபுக் கணக்கு. ஆயினும் பட்டியலுக்குப் பட்டியல் பெயர்கள் மாறுகின்றன.

இப்பெயர்களை உற்றுநோக்கின் அவை ஒரு தன்மையன அல்ல என்பது புலனாகும். கீல் (ஆணி), கங்கண், தனியா பத்தி (கொத்துமல்லி இலை), காஸ்பத்தி (புல்லிலை), புல்புல் சஷ்ம் (புல்புல் பறவையின் கண்) ஆகியன தோற்றத்தால் பெயர் பெற்றவை. பேச்னி என்பதோ சுற்றுதல், முறுக்குதல் எனப் பொருள்படும் 'பேச்' என்னும் பாரசீகச் சொல்லடியாகப் பிறந்த வினைப்பெயர். முதலில் ஓட்டுத்தையலாகிய தேப்சியை இட்டு, அதன்மேல் நூலைச் சுருள்போல் சுற்றிச்செல்வது அதன் செய்முறை. ஜாலிகளுள் மதராசி ஜாலி என்றும் ஒன்றுண்டு. அவ்வகை அவ்வூரில் தோன்றியதா, அவ்வூர்ச் சந்தைக்கென ஆக்கப்பட்டதா என்பது பெயரைக் கொண்டு மட்டும் துணியத்தக்கதன்று. தோற்றப் பெயர்களை மொழிபெயர்த்தால் இழப்பு சிறிது. 'கொத்துமல்லி இலை' தமிழிலும் கொத்துமல்லி இலையே. வினைப்பெயர்களில்தான் தவறுகள் நேர்கின்றன.

பகியா என்னும் தையல் இதற்குத் தக்க சான்று. இந்துஸ்தானித் தையற்கடை வழக்கில் பகியா என்பது கெட்டியான பின்தையல். ஒருவருடைய மறைவுகளையெல்லாம் வெளிப்படுத்திவிடுவதை 'பகியா உதேட்னா', அதாவது 'தையலைப் பிரித்துப்போடுதல்' என்று அம்மொழியின் மரபுத்தொடர் கூறுவதும் இப்பொருள் பற்றியே. சிகன் வழக்கில் அச்சொல் வேறு பொருள் ஏற்கிறது. துணியின் மறுபுறத்தில் நூல் இலைவடிவின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குக் குறுக்கும் நெடுக்குமாகச் சென்று அதனை நிரப்பும். முகப்பில் இரு விளிம்புகளிலும் சிறு பின்தையல்கள் மட்டுமே தெரியும். மெல்லிய துணியினூடே மறுபுற நூலின் சாயல் புலப்பட, இலை மங்கிய வெண்மையோடு தோன்றும். இது உல்ட்டா பகியா. நூல் முகப்பிலேயே குறுக்கிட்டு நிற்பின் அது சீதி பகியா.

ஆங்கில நூல்கள் உல்ட்டா பகியாவை நிழல்வேலை என்னும் பொருள்படும் சொல்லால் குறிக்கின்றன; தமிழிலும் 'நிழல் தையல்' என்னும் ஆக்கம் வந்துவிட்டது. அழகிய சொல்தான். ஆனால் அது விளைவின் பெயர். நிழல் தோன்றுவதற்குத் துணி ஊடுகாண்பதாக இருத்தல் வேண்டும். தடித்த கைத்தறிப் பருத்தியிலோ டெனிமிலோ உல்ட்டா பகியா இடப்பட்டால் தையல் உண்டு, நிழல் இல்லை. இன்றைய வடிவமைப்பாளர் மஸ்லினை விட்டு வேறு துணிகளுக்குச் செல்லும்போது அறிந்துகொள்ள வேண்டிய முதற் செய்தியே இதுதான். 'நிழல் தையல்' என்னும் பெயர் அதனை மறைத்துவிடுகிறது. மறுதலையாக, துணியின் பின்னால் வேறொரு மெல்லிய துண்டை வைத்துப் பொறியால் விளிம்பு தைத்தாலும் அதே நிழல் தோன்றும். அதனையும் 'நிழல் தையல்' என்று கூறுவதைத் தடுக்கச் சொல்லில் யாதொன்றும் இல்லை.

ஜாலி பற்றிய பிழை இன்னும் தெளிவானது. ஆங்கிலவழி எழுதுவோர் சிலர் இதனை இழையுருவு வேலை எனக் கொள்கின்றனர். இழையுருவு வேலையில் துணியின் ஊடையோ பாவோ வெட்டி உருவப்படும். லக்னோ ஜாலியில் ஓர் இழையும் வெட்டப்படுவதில்லை, உருவப்படுவதுமில்லை. ஊசிமுனையால் இழைகளை விலக்கி, விலகியவற்றைச் சிறு தையல்களால் இறுக்கிக் கட்டுவதால் கண்கள் திறக்கின்றன. மலரின் நடுவே இடும் ஹூல் என்னும் கண்ணும் இவ்வாறே. துணியின் வலிமை குன்றாமைக்கு இதுவே காரணம். ஆகவே ஜாலிக்கு 'இழைவிலக்கு வலை' என்னும் தொடர் பொருந்தும். பொறியில் இத்தகைய கண்கள் வேண்டுமாயின் துணியைத் துளைத்து விளிம்பு கட்ட வேண்டும். அல்லது கரையக்கூடிய அடித்துணியில் நெருங்கத் தைத்து, அடித்துணியைக் கரைத்துவிட வேண்டும். முன்னது 'துளை வலை', பின்னது 'கரைத்தெடுத்த வலை'. மூன்றும் சற்றுத் தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு ஒன்றே. மூன்றையும் 'வலைவேலை' என்று மொழிபெயர்ப்பவர் அத்தொலைவிலேயே நின்றுவிட்டவராவர்.

பந்தாவும் முர்ரியும் புடைப்புத் தையல்கள். ஒரு சிறு அடித்தையலின் மேல் திரும்பத் திரும்பத் தைத்து நெல்மணி வடிவில் எழுப்புவது முர்ரி. அதனினும் சிறிதாக, தினை போல் உருண்டையாக எழுப்புவது பந்தா. பந்தாவைப் பிரெஞ்சு முடிச்சு எனக் கூறுவது பரவலான வழக்கு. பிரெஞ்சு முடிச்சில் நூல் ஊசியில் சுற்றப்பட்டு இழுக்கப்படும். பந்தா தைத்துத் தைத்து உருட்டப்படுவது. கண்ணி, முடிச்சு என்னும் பொருள் பந்தா என்னும் சொல்லுக்கு இருப்பதே இம்மயக்கத்துக்கு வழிவகுத்தது போலும்.

பொறியின் சொற்களஞ்சியம்

பொறிப்பூவேலையின் வரலாற்றை ஈண்டு விரிவாகக் கூற வேண்டியதில்லை. 1863இல் சுவிட்சர்லாந்தில் ஐசக் குரோப்லி அமைத்த பொறி, படகுவடிவ நாடா ஒன்றினால் கீழ்நூலைச் செலுத்தியது. அந்நாட்டு ஜெர்மன் வழக்கில் சிறு படகைக் குறிக்கும் 'ஷிஃப்லி' என்பதே அப்பொறிக்குப் பெயராயிற்று. தமிழிலும் நெசவுநாடாவுக்கு ஓடம் என்னும் பெயர் அகராதிகளில் காணப்படுவது ஒப்புநோக்கத்தக்கது. ஷிஃப்லியால் துளைவேலை செய்த பருத்தித்துணி இந்தியக் கடைகளில் 'ஹகோபா' என வழங்குகிறது. இது ஒரு வணிகப்பெயர் பொதுப்பெயரானதற்கு எடுத்துக்காட்டு. 1898இல் துளையட்டையால் இயங்கும் ஷிஃப்லி வந்தது. இன்று அட்டையும் இல்லை, துளையும் இல்லை. ஆயினும் வரைவைக் கணிப்பொறியில் ஊசிக்குத்துகளின் வரிசையாக மாற்றும் வேலைக்குத் தொழிற்கூடங்களில் 'பஞ்சிங்' என்னும் பெயரே நிலைத்துவிட்டது. வினை மறைந்த பின்னும் வினைப்பெயர் வாழ்வதற்கு இது நல்ல சான்று.

கணிப்பொறிப் பூவேலையின் மென்பொருளில் அடிப்படைத் தையல்கள் மூன்றே எனலாம்: ஓட்டம், நெருங்கிய பட்டையாக நிரப்பும் சாட்டின், பரப்பை நிறைக்கும் நிரப்பு. இறுதியதற்குப் பாயைக் குறிக்கும் 'தத்தாமி' என்னும் ஜப்பானியச் சொல்லும் வழங்குகிறது. முப்பத்திரண்டு பெயர்கள் உள்ள ஒரு மொழியிலிருந்து மூன்று பெயர்களே உள்ள ஒரு மொழிக்கு மொழிபெயர்ப்பது போன்றதே சிகன் வரைவு ஒன்றைப் பொறிக்கு ஏற்ப மாற்றுவது. பஞ்சிங் செய்பவர் முர்ரியைச் சிறு சாட்டின் துண்டாகவும், பந்தாவைச் சாட்டின் புள்ளியாகவும், பகியாவை விளிம்போட்டமாகவும் ஆக்குகிறார். அவரும் ஒரு மொழிபெயர்ப்பாளரே. அவர் பெயர்ப்பது தோற்றத்தை.

அவரால் வினையைப் பெயர்க்க இயலாமைக்குக் காரணம் பொறியின் அமைப்பிலேயே உள்ளது. கையூசியில் நூல் கோக்கும் துளை அடிப்பகுதியில் இருக்கும்; ஒரே நூல் துணியை முழுமையாக ஊடுருவி மறுபுறம் சென்று திரும்பும். பொறியூசியில் துளை முனையருகே இருக்கும். மேல்நூல் துணியைக் கடந்து, பாபினிலிருந்து வரும் கீழ்நூலோடு கொளுவிக்கொண்டு மேலேறும். இது பூட்டுத்தையல். இரு நூல்களும் தத்தம் பக்கத்திலேயே தங்குகின்றன. நிமிடத்துக்கு 1,000 குத்து என்னும் அளவில் ஓடும் இப்பொறியால் எதையும் நிரப்ப முடியும். ஆனால் ஒரே நூலை இருபுறமும் நடத்தும் தையலை இட முடியாது. மேலும் மெல்லிய துணி பொறியின் இழுப்பைத் தாங்காது சுருங்குமாதலால் அடியில் தாளோ கேன்வாஸோ வைக்க வேண்டும். மறுபுறம் மூடப்பட்ட துணியில் பகியாவின் நிழல் தோன்றுவதற்கு வழியில்லை. வடிவமைப்பாளர் இரண்டையும் இணைக்க விரும்பின், பொறிவேலையை முதலில் முடித்துத் தாளை நீக்கிவிட்டு, அதன் பின்னரே பகியாவுக்குத் துணியை அனுப்புதல் பொருத்தமான வரிசை.

மறுபுறம் கூறும் சான்று

வட கர்நாடகத்தில், குறிப்பாகத் தார்வாட், ஹூப்ளி பகுதிகளில் வழங்கும் கசூதி இவ்வகையில் இன்னும் கூர்மையான சிக்கலைத் தருகிறது. கசூதி என்பதைக் கை, நூல் என்னும் இரு பொருட்கூறுகளாகப் பிரிப்பது பொதுவழக்கு. இதில் வரைவு பதிக்கும் முறை இல்லை. துணியின் இழைகளை எண்ணியே தையல் இடப்படும். தையல்கள் நான்கு: கவந்தி, முர்கி, நெய்கி, மெந்தி. நெய்கி நெசவைக் குறிக்கும் கன்னடச் சொல். தமிழின் நெய், நெசவு ஆகியவற்றோடு உறவுடையது. துணியோடு சேர்த்து நெய்தது போலத் தோன்றும் ஓட்டுத்தையல் அது. மெந்தி வெந்தயம், குறுக்குத்தையலின் பெயர். கவந்தியை முடிச்சு எனப் பொருள்படும் கன்னடச் சொல்லோடு தொடர்புபடுத்துவர். வியப்பு யாதெனின், கசூதியில் முடிச்சே இடுவதில்லை. நூல் ஒருமுறை இடைவெளிவிட்டு ஓடி, அதே வழியில் திரும்பி இடைவெளிகளை நிரப்பும். முகமும் மறுபுறமும் ஒன்றாகவே இருக்கும். கோபுரமும் தேரும் யானையும் துளசிமாடமும் இவ்வாறு இருபுறமும் ஒரே வடிவில் நிற்கின்றன.

கவந்திக்கு 'இரட்டையோட்டத் தையல்' என்பது செவ்விய தமிழாக்கம். பொறிப்படியான 'கசூதி' இன்று சேலைகளிலும் குர்த்தாக்களிலும் மலிந்துள்ளது. முகப்பில் வேறுபாடு காண்பது அரிது. ஆனால் பூட்டுத்தையலால் ஆனது இரட்டையோட்டம் அன்று. துணியைத் திருப்பினால் பாபின் நூல் தெரியும். பெயர் வினையைச் சுட்டுமாயின், பொறித்துணியின் விலைச்சீட்டில் 'இரட்டையோட்டத் தையல்' என எழுதுவது பொய்யாகும். பெயர் தோற்றத்தைச் சுட்டுமாயின் அது பொய்யன்று. சொல்லாக்கத்தில் செய்யும் ஒரு தேர்வு இங்ஙனம் சட்டத்தையும் சந்தையையும் தொடுகிறது. பொருள்களின் புவியியல் குறியீடுகள் பற்றிய 1999ஆம் ஆண்டுச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்த பின், லக்னோ சிகன் 2008இல் பதிவு பெற்றது. கசூதியும் பதிவு பெற்றுள்ளது. இத்தகைய பதிவுகளுக்கான விண்ணப்பங்கள் பொருளை அதன் செய்முறை கொண்டே விவரிக்க வேண்டியுள்ளன. அவற்றைத் தமிழில் தருவோர் தோற்றச் சொற்களைக் கையாண்டால், பதிவு காக்க முனைந்ததையே கைவிட்டவராவர்.

கசூதியை நவீன ஆடைக்குக் கொண்டுசெல்வதில் நல்ல இணைவும் உண்டு. நெருக்கமாக நெய்த பட்டிலும் செயற்கைத் துணியிலும் இழையை எண்ண இயலாது. எனவே கண்ணுள்ள வலைத்துணியை மேலே பொருத்தி, அதன் கண்களை எண்ணித் தைத்து, முடிந்தபின் வலையின் இழைகளை ஒவ்வொன்றாக உருவிவிடுவர். கட்டமிட்ட வரைவைக் கணிப்பொறியில் ஆக்குவதும் உண்டு. கருவி புதிது, ஊசியின் வழி பழையது. இதற்குக் கசூதி என்னும் பெயர் பொருந்துவதில் ஐயமில்லை.

தமிழ்நாட்டில் 2013இல் புவியியல் குறியீடு பெற்ற நீலகிரித் தோடர் பூவேலையும் இழையெண்ணித் தைப்பதே. பூத்துக்குளி என்னும் போர்வையில் சிவப்பும் கறுப்புமாக இடப்படும் அவ்வேலையில், பிறர் மறுபுறம் எனக் கருதும் புடைத்த பக்கத்தையே தோடர் சிறப்பான பக்கமாகக் கொள்வர் என்பர். எனின், முகம், மறுபுறம் என்னும் சொற்களையே மொழிபெயர்ப்பாளர் அங்குப் பொதுவாகக் கையாள முடியாது.

ஆரி என்னும் விதிவிலக்கு

இதுவரை கூறியவற்றால், பொறி ஒருபோதும் கையின் வினையைச் செய்யாது எனக் கொள்ளுதல் பிழையாகும். குஜராத்தின் மோச்சி எனப்படும் தோல்வினைஞர் தம் கொக்கியூசியால் துணியில் சங்கிலித்தையல் இட்டனர். அவ்வூசி ஆரி. கீழ்த்திசையிலிருந்து இம்முறையை 18ஆம் நூற்றாண்டில் அறிந்துகொண்ட ஐரோப்பியர் அதற்கு ஊசியால் பெயரிடவில்லை. துணியை இறுக்கிய வட்டச்சட்டத்தால் 'தம்பூர்', அதாவது முரசு, எனப் பெயரிட்டனர். 1865 அளவில் கோர்னெலி பொறி தோன்றியது. கைப்பிடி ஒன்றால் திசைதிருப்பப்படும் கொக்கி, ஒரே நூலைக் கண்ணிகண்ணியாக இழுத்துச் சங்கிலித்தையல் இடும். இங்குப் பொறியின் வினையும் ஆரியின் வினையும் ஒன்றே. துணியைத் திருப்பிப் பார்த்தும் பயனில்லை. எனவே 'கொக்கியூசிச் சங்கிலித்தையல்' என்பது இரண்டுக்கும் பொருந்தும். கை, பொறி என்னும் அடைமொழி தனியே வேண்டப்படுகிறது.

தமிழ்நாட்டில் 'ஆரி ஒர்க்' என்னும் வழக்கு மணப்பெண்ணின் இரவிக்கையோடு வேரூன்றிவிட்டது. அதன் பொருட்பரப்போ விரிந்துகொண்டே செல்கிறது. சட்டத்தில் துணியை இறுக்கிச் செய்யும் மணிவேலை, குந்தன் கல் பதித்தல், உலோகச்சுருளைத் தறித்துச் சாதாரண ஊசியால் தைக்கும் சர்தோசி ஆகிய யாவும் இன்று ஆரியே. ஊசியின் பெயர் தொழிற்களத்தின் பெயராகிவிட்டது. அதற்கு எதிர்நிலையில் நிற்பது 'கம்ப்யூட்டர் எம்பிராய்டரி'. கொடியும் பின்னணியும் கம்ப்யூட்டரில், மணியும் கல்லும் ஆரியில் என ஒரே இரவிக்கையில் இரண்டையும் கலப்பது தையலகங்களில் இயல்பான வழக்கம். கூலிக் கணக்கு இவ்விரண்டுக்கும் தனித்தனியே எழுதப்படுவதால், பேச்சுவழக்கு இவ்வேறுபாட்டைக் கவனமாகக் காத்துவருகிறது. நூல்வழக்குத்தான் இரண்டையும் 'பூத்தையல்' என்று ஒன்றாக்கிவிடுகிறது.

சிலப்பதிகாரத்தில் தையல்வினைஞரைக் குறிக்கும் துன்னகாரர் என்னும் சொல்லை முன்வைத்து, கைத்தையலுக்குத் துன்னம் என்றும் பொறிக்குத் தையல் என்றும் வகுக்கலாமே எனத் தோன்றக்கூடும். சொல் இனியது. ஆனால் ஊசி பிடிப்போரும் விலைகேட்போரும் அறியாத ஒன்றால் அவர்களுக்கிடையே வேறுபாடு நிலைபெறாது. கைத்தையல், பொறித்தையல் என்பனவே போதும்.

புதுப்பெயர் தோன்றும் முறை

மரபும் புதுமையும் இணைவது வடிவமைப்பாளரின் மேசையில் மட்டுமன்று. கட்சுப் பகுதியின் தேபரியா ரபாரிச் சமூகத்தில், சீர்வரிசைக்கான பூவேலை முடியாமல் திருமணங்கள் தள்ளிப்போவது கண்ட பெரியோர் 1990களின் நடுவில் கைப்பூவேலையையே தடைசெய்தனர். பெண்கள் கடையில் விற்கும் நாடாக்களையும் வளைகரைகளையும் வாங்கி, தையற்பொறியால் தம் பழைய வரைவொழுங்கிலேயே துணியில் பொருத்தினர். தடை கைத்தையலுக்கே, கோலத்துக்கு இல்லை. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஹரி ஜரி'. பின்னர் அது பைகளிலும் ஆடைகளிலும் சந்தைக்கு வந்தது. இதனை 'நாடா ஒட்டுவேலை' எனத் தமிழாக்கலாம், செய்முறை விளங்கும். ஆனால் ரபாரிப் பூவேலையின் ஒரு மலிவான போலி என்னும் கருத்தையும் அத்தொடர் உடன்கொணரும். அப்பெண்கள் அதனைப் போலியாகக் கருதாமையாலேயே தனிப்பெயர் இட்டனர். இத்தகைய இடங்களில் பெயரைப் பெயராகவே நிறுத்தி, விளக்கத்தை அடுத்து வைத்தல் தகும்.

மேற்கூறிய முறையில் கலைச்சொல் அகராதிப் பதிவு ஒன்று பின்வருமாறு அமையலாம்:

பகியா (பெயர்ச்சொல், பாரசீகம், உருது வழி). 1. தையற்கடை வழக்கு: பின்தையல். 2. லக்னோ சிகன் வழக்கு: ஒரே நூல் ஒரு வடிவின் இரு விளிம்புகளுக்கிடையே குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் கைத்தையல். (அ) உல்ட்டா பகியா: குறுக்கு நூல் மறுபுறத்தில் நிற்பது, ஊடுகாணும் துணியில் மட்டும் நிழல் தரும். (ஆ) சீதி பகியா: குறுக்கு நூல் முகப்பில் நிற்பது. 3. இதன் தோற்றத்தைப் பூட்டுத்தையலால் படியெடுத்தது 'பொறி நிழல்வேலை' எனப்படும், பகியா எனப்படாது.